எத்தனை நாள் உழைத்தது

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்ததும் வைத்தீஸ்வரன் சட்டையைக்கூடக் கழற்றமாட்டார். மெஸ்ஸின் பின்பக்கத்துப் பால்கனிக்குப் போய், துணி காயும் கொடிக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கும் கான்வாஸ் ஷூக்களை எடுத்துவந்து பழைய பேப்பரின் மேல் வைப்பார். முதலில் கயிறுகளை உருவிச் சோப்புத் தண்ணீரில் போடுவார். பிறகு தேய்ந்துபோன பல் பிரஷ்ஷால், தையல் ஓடும் இடங்களில் அடைந்திருக்கும் செம்மண்ணை நோகாமல் சுரண்டுவார். ஒரு கொட்டாங்கச்சியில் வெள்ளைக் கட்டியைக் குழைத்து, பனியன் துணியில் தொட்டு, விரல் நுனியிலிருந்து குதிகால் வரைக்கும் ஒரே திக்கில் பூசுவார். காய்ந்தபின் இன்னொரு பூச்சு. ரப்பர் விளிம்பில் ஒரு சொட்டு பட்டாலும் நகத்தால் எடுத்துவிடுவார்.

இடது ஷூவின் நாக்கை வெளியே இழுத்து உள்பக்கத்தைப் பார்ப்பது கடைசி வேலை. அங்கே, தண்ணீர் பட்டாலும் அழியாத காப்பியிங் பென்சிலால் ஒரு தேதி எழுதியிருக்கும். அந்த ஷூவைப் போட்டு ஓடிய முதல் நாள். அதன்மேல் மட்டும் வெள்ளை படக்கூடாது.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது நக இடுக்குகளில் வெள்ளை இருக்கும். மெஸ் நடத்தும் ஜகதாம்பாள் மாமி அதைப் பார்க்காமல் விடமாட்டாள்.

"கையை அலம்பிண்டு வா வைத்தி. வாசல்ல கோலம் போட்டுட்டு வந்த மாட்டுப்பொண்ணு மாதிரி வந்து உக்காந்திருக்கியே."

பந்தியில் எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே எழுந்துபோய் அலம்பிவிட்டு வருவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் இது நடந்தது. மாமி அதைச் சொல்லாத சனிக்கிழமை அவருக்கு ஏதோ குறைந்தாற்போல இருக்கும்.

வைத்தீஸ்வரன் கல்கத்தாவுக்கு வந்தது ஐம்பத்தாறில். டல்ஹௌசி பக்கம் ஒரு தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோ. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்தில் மாமியின் மெஸ். அதில் மாடியறையில் ஜன்னலோரக் கட்டில். ஆள் உயரம், அதற்கு மேல் அகலம். ஒருமுறை ஹவுரா ஸ்டேஷனில் யாரையோ மெட்ராஸ் மெயிலுக்கு ஏற்றிவிடப் போனபோது எடை பார்க்கும் மெஷினில் ஏறினார். சக்கரம் சுழன்று, மணியடித்து, அட்டை விழுந்தது. ஒரு பக்கம் நூற்று நான்கு கிலோ. மறுபக்கம், 'நீங்கள் எப்போதும் நண்பர்களால் சூழப்பட்டிருப்பீர்கள்' என்று இங்கிலீஷில் அச்சடித்திருந்தது. அட்டையை ரொம்ப நாள் சட்டைப்பையில் வைத்திருந்தார். எடைக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கல்யாணம் என்று மூன்று தடவை பேச்சு எழுந்து மூன்று தடவையும் அடங்கியது. பெண் வீட்டார் எல்லோருமே மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாவது கடிதம் வந்த வருஷம் அவருக்கு நாற்பத்தொன்று. ஆபீஸ் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இப்படியே உட்கார்ந்திருந்தால் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போக வேண்டிவரும். தினம் லேக்கைச் சுற்றுங்கள்" என்றார். எழுபத்தொன்றாம் வருஷத்து ஆரம்பம் அது.

நடக்கத்தான் சொன்னார் டாக்டர். ஆனால் பெருத்த ஆள் மெதுவாக நடந்தால் எல்லோரும் நிதானமாகப் பார்க்கிறார்கள். ஓடினால் ஒரு தடவைதான் பார்க்க முடியும். அதனால் வைத்தீஸ்வரன் ஓடினார்.

அந்த வருஷம் விடியற்காலையில் டாக்குரியா லேக் பக்கம் போகிறவர்கள் குறைவு. நக்ஸலைட் கலவரத்தில் எங்கே என்ன வெடிக்கும், யாரை யார் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரியாத நாட்கள். வழக்கமான வாக்கிங்காரர்கள் போர்வைக்குள்ளேயே இருந்துவிட்டார்கள். பனி மூடிய தண்ணீர், படகுக் கிளப்பின் பூட்டிய கதவு, தொங்குபாலத்தைத் தாண்டினால் தீவில் சின்ன மசூதி, தெற்குப் பக்கம் ரயில் தண்டவாளம். இவ்வளவுக்கும் நடுவில் 'தொம், தொம்' என்று வைத்தீஸ்வரன். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எதிர்ப்பக்கத்திலிருந்தும் அதே மாதிரி ஒரு சத்தம் வந்தது.  

பனிக்குள்ளிருந்து ஒருவர் வெளிப்பட்டார். குட்டை, நல்ல பருமன். காக்கி அரைக்கால் சட்டை, காதை மூடிய மப்ளர், மூக்கில் கட்டிவைத்தாற்போல மூக்குக்கண்ணாடி. வைத்தீஸ்வரன் இடம் சுற்றினால் அவர் வலம் சுற்றினார். இருவரும் பக்கவாட்டில் கடந்தார்கள். அரைச் சுற்று போனதும், ரயில் தண்டவாளப் பக்கத்தில், மறுபடியும் கடந்தார்கள். தினம் இரண்டு சுற்று என்பது வைத்தீஸ்வரனின் கணக்கு. அவருக்கும் அதுவேதான் போலிருந்தது. ஆக, ஒரு நாளைக்கு நான்கு சந்திப்பு.

நின்று பேசலாம். ஆனால் அந்த எடைக்கு ஒருமுறை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது, கம்பார்ட்மென்ட் நிறைய நிலக்கரி ஏற்றின ரயில் கிளம்புகிற மாதிரி. ஓடிக்கொண்டே பேசலாம் என்றால் மூச்சு இல்லை. முதல் மாதம் தலையசைப்பு மட்டும் இருந்தது. பிறகு, பேசாமல் இருந்தது பழகிவிட்டதால், பேச ஆரம்பிப்பது கஷ்டமாகிவிட்டது. மனசுக்குள் அவருக்கு 'எதிர்த்திசைக்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டார் வைத்தீஸ்வரன்.

கல்கத்தாவில் கான்வாஸ் ஷூவுக்குக் 'கேட்ஸ்' என்று பெயர். பள்ளிக்கூடப் பையன் முதல் போலீஸ்காரன் வரை எல்லோருக்கும் அதுதான். ஓடுவதற்கென்று தனியாக ஷூ உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நாளில் சிரித்திருப்பார்கள். கரியாஹாட்டில் நந்தி பாபுவின் கடையில் பத்தாம் நம்பர் வரைக்கும் இருந்தது. வைத்தீஸ்வரனுடைய கால் பதினொன்று.

"பதினொண்ணு எல்லாம் வராது. பத்தைப் போட்டுப் பழகிக்கோங்க, துணிதானே, கொடுக்கும்" என்றார் நந்தி பாபு.

துணி கொடுக்கவில்லை. இரண்டாம் வாரம் வைத்தீஸ்வரன் பிளேடால் முன்பக்கத்தை அறுத்துக் கட்டைவிரல்களுக்கு வழிசெய்தார். ஒன்பது மாதம், மூன்று ஜோடி, கட்டைவிரல்கள் வெளியே தலைநீட்டியபடியே லேக்கைச் சுற்றின. மழைக்காலத்தில் அவற்றில் சேறு, பனிக்காலத்தில் விறைப்பு.

எழுபத்தொன்று துர்கா பூஜைக்கு முன்னால் கடைக்குப் போனபோது, கேட்காமலே நந்தி பாபு ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். பதினொன்றாம் நம்பர்.

"வந்திருக்கு" என்றார், பஞ்சாங்கத்தில் மழை போட்டிருக்கிறது என்கிற மாதிரி.

அதிலிருந்து எப்போது போனாலும் ஒரு ஜோடி பதினொன்று இருந்தது. எப்போதும் ஒன்றுதான். ஆனால் இல்லாமல் போனதில்லை. கம்பெனியில் புதிதாக யாரோ தொந்தியுள்ள அதிகாரி வந்திருக்கிறார், அவர்தான் தம்மைப்போல உள்ளவர்களை நினைத்துச் செய்யச்சொல்லியிருக்கிறார் என்று வைத்தீஸ்வரன் முடிவுகட்டினார். அந்த அதிகாரியின்மேல் அவருக்கு ஒரு நன்றிகூட இருந்தது.

புது ஷூ போட்ட முதல் நாள்தான் அது நடந்தது. தொங்குபாலத்தருகே வரும்போது எதிர்த்திசைக்காரர் குனிந்து ஷூவைப் பார்த்தார். நிமிர்ந்து கையை லேசாகத் திருப்பினார். 'பழையது எத்தனை நாள்?' என்பதுபோல. வைத்தீஸ்வரன் யோசித்தார். எழுபத்தாறு நாள். ஓடிக்கொண்டே எப்படிச் சொல்வது? ஏழு விரலைக் காட்டினார். அதற்குள் கடந்தாகிவிட்டது. அரைச் சுற்று போய், ரயில்பக்கம் மறுபடி எதிர்ப்பட்டதும், ஆறு விரலைக் காட்டினார். எதிர்த்திசைக்காரர் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தார்.

அதுதான் அவர்களுடைய பாஷையாயிற்று. யார் புதுசு போட்டுவந்தாலும் பாலத்தருகே பத்துகள், தண்டவாளத்தருகே ஒற்றைகள். எண்பத்திரண்டு. எழுபத்தொன்பது. மழைக்காலத்தில் அறுபத்து நான்கு. ஒல்லிகளுக்கு இது புரியாது. அவர்கள் கால் ஷூவுக்குள் இருக்கிறது. பருமனானவர்கள் ஷூவின்மேல் நிற்கிறார்கள். ஒல்லி ஆளுக்கு ஒரு ஜோடி வருஷம் தாண்டும். நூறு கிலோவுக்கு மூன்று மாதம் வந்தால் பெரிசு. முதலில் குதிகாலின் வெளிப்பக்கம் சாயும். பிறகு சுண்டுவிரல் பக்கத்தில் கான்வாஸ் விடும். கடைசியில் உள்ளே இருக்கும் ரப்பர், ஆறின தோசை மாதிரி ஆகிவிடும். அது வெளியே தெரியாது.

எதிர்த்திசைக்காரரின் கணக்கு எப்போதும் வைத்தீஸ்வரனுடையதைவிட எட்டுப் பத்து நாள் குறைவாகவே இருந்தது. குதிகால் பக்கத்துத் துணி அவருக்குச் சீக்கிரம் கிழிந்துவிடும். ஆக, அவர் தம்மைவிடக் கனம் என்று வைத்தீஸ்வரன் கணக்குப்போட்டார். எழுபத்தொன்று பூஜைக்குப் பிறகு அவருடைய அடியில் 'தொம்-தப், தொம்-தப்' என்று ஒரு தட்டு கூடுதலாகக் கேட்டதும் அதைத்தான் சொன்னது. உலகத்தில் தன்னைவிடக் கனமாக ஒருவர் ஓடுகிறார் என்பதில் அவருக்கு ஒரு ரகசியத் திருப்தி.

மெஸ்ஸில் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த பன்னீர்செல்வத்துக்கு டெலிபோன் ஆபீசில் வேலை, சொந்த ஊர் திருச்சிப் பக்கம். ஒல்லியோ ஒல்லி.

"சார், ஒரு சந்தேகம். நான் வாங்கின கேட்ஸ் ரெண்டு வருஷம் ஆச்சு, அப்படியே கிடக்கு. உங்களுது மூணு மாசத்துல மண்டையைப் போடுது. கம்பெனிக்காரன் உங்க அட்ரஸைக் கேட்டுக்கிட்டு வந்து மாலை போடப்போறான் பாருங்க."

"நீ ஓடினாத்தானேப்பா தேயும்."

"ஓடலைன்னா என்ன? அதைப் போட்டுக்கிட்டுத்தானே மீன் மார்க்கெட் போறேன்?"

"மெதுவாப் பேசு. மாமி காதுல விழப்போறது."

பன்னீர்செல்வம் வாயைப் பொத்திக்கொள்வான். எழுபத்தாறில் அவன் கல்யாணமாகிக் கஸ்பாவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். அவன் கட்டிலுக்கு வேறு ஆள் வரவில்லை. மாமி அதன்மேல் அரிசி மூட்டைகளை வைத்தாள்.

ஒரே ஒருமுறை வைத்தீஸ்வரன் எதிர்த்திசைக்காரரை லேக்குக்கு வெளியில் பார்த்தார். எஸ்பிளனேடில் சாயங்கால டிராம். கூட்டத்தில் இடிபட்டு நுழைந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிர் பெஞ்சில் அவர். வெள்ளை வேட்டி, தோல் செருப்பு, மடியில் துணிப்பை. மப்ளர் இல்லாமல் கழுத்து வேறு யாருடையதோபோல இருந்தது. இருவர் கண்ணும் சந்தித்தன. எதிர்த்திசைக்காரரின் வலது கை மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது; விரல்கள் பாதி விரிந்தன.

வைத்தீஸ்வரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஏன் என்று பிற்பாடு பலநாள் யோசித்தார். பதில் சொல்லியிருந்தால் பேசவேண்டி வந்திருக்கும். பேச்சு என்றால் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை குழந்தைகள். அந்தக் கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் இருந்த பதில்கள் ரொம்பச் சின்னவை. ஷூ எத்தனை நாள் உழைத்தது என்ற ஒரு கேள்விக்குத்தான் மார் நிமிர்த்திச் சொல்ல அவரிடம் பதில் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அந்தக் கை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தது. வைத்தீஸ்வரன் காளிகாட்டிலேயே இறங்கி வீடுவரைக்கும் நடந்தார். மறுநாள் காலையில், எப்போதும்போல, நான்கு தடவை தலையசைப்பு.

எழுபத்தெட்டில் ஷூ வருவது நின்றது. ஃபாக்டரியில் கதவடைப்பு என்றார் நந்தி பாபு. "பத்து வரைக்கும் பழைய சரக்கு கிடக்கு. உங்க நம்பர் எப்பவும் அன்னன்னைக்கு வர்றதுதானே, அது இல்லை."

வைத்தீஸ்வரன் காலில் இருந்தது மார்ச் மாசத்து ஜோடி. ஜூன் ஆரம்பத்திலேயே அதற்கு ஆயுள் முடிந்திருக்கவேண்டும். பத்தாம் நம்பரை வாங்கி மறுபடி பிளேடு போட்டுப் பார்த்தார். ஏழு வருஷம் சுகமாக இருந்துவிட்ட கால் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே வாரத்தில் நகம் கறுத்தது. மார்ச் ஜோடியையே திரும்ப எடுத்தார். விட்ட இடத்தைத் தைத்தார். சனிக்கிழமைதோறும் முன்னைவிடக் கெட்டியாக வெள்ளை பூசினார். கான்வாஸில் இருந்த வெடிப்புகள் மறைந்து, பார்க்க நேற்று வாங்கினதுபோல இருந்தது. பூசிப் பூசி அவரே அதை நம்ப ஆரம்பித்தார்.

ஓடாமல் இருந்திருக்கலாம். ஒரு மாதம், இரண்டு மாதம் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் ஓடாத காலைப்பொழுதை நினைத்துப் பார்த்தார். ஐந்து மணிக்கு விழிப்பு வரும். பக்கத்துக் கட்டிலில் அரிசி மூட்டைகள். ஆபீசில் டிக்டேஷன் கொடுப்பவர் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசுவார். அந்த நகரத்தில் அவர் வருவார் என்று எதிர்பார்த்து ஒரு மனிதர் வருவது அந்த இடத்தில், அந்த ஒரு மணி நேரம்தான். அதை விட்டுவிட்டால் மிச்சம் என்ன என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் ஒருநாள், பாலத்தருகே எதிர்த்திசைக்காரர் வந்தபோது ஏதோ மாறியிருந்தது. கடந்துபோன பிறகுதான் புரிந்தது: சத்தம். 'தப்' இல்லை. சுத்தமாக ஒரே ஒரு 'தொம்'. அடுத்த சந்திப்பில் குனிந்து பார்த்தார். அவர் காலில் புது ஷூ. மொடமொடப்புக்கூடப் போகவில்லை.

கதவடைத்த ஃபாக்டரியிலிருந்து இவருக்கு எப்படி வந்தது?  நந்தி பாபுவிடம் கடைசியாக ஒரு பதினொன்று எங்கேயோ மூலையில் இருந்திருக்கவேண்டும். இவர் முந்திக்கொண்டு வாங்கிவிட்டார். அன்றைக்கு எதிர்த்திசைக்காரர் விரல்களைக் காட்டவில்லை. வைத்தீஸ்வரனும் கேட்கவில்லை. தலையசைப்பில் பாதி குறைந்தது.

ஆகஸ்ட் மாதம் ஒருநாள், மழை விட்ட காலை. வைத்தீஸ்வரனுக்கு வலது முழங்கால் ஒரு வாரமாகவே சூடாக இருந்தது. இழுத்து இழுத்து ஓடினார். பாலத்தருகே எதிர்த்திசைக்காரர் அவர் காலைப் பார்த்தார், கையைத் திருப்பினார். எத்தனை நாள்? பத்து விரலையும் ஒருமுறை விரித்து மூடி, பிறகு ஐந்தைக் காட்டினார் வைத்தீஸ்வரன். நூற்றைம்பது. அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

ஏழு வருஷத்தில் முதல்முறையாக எதிர்த்திசைக்காரர் நின்றார்.

"மொஷாய், அதைப் போட்டுக்கிட்டு இனிமே ஓடாதீங்க" என்றார் வங்காளியில், மூச்சிரைத்துக்கொண்டு. குரல் அவர் உடம்புக்குப் பொருந்தாமல் மெல்லியதாக இருந்தது. "கால் போயிடும்."

வைத்தீஸ்வரன் நிற்கவில்லை. கடந்துகொண்டே, ஆபீஸ் வங்காளியில், திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "உங்களுக்கென்ன, உங்களுக்குத்தான் புதுசு கிடைச்சாச்சே."

அவருடன் வைத்தீஸ்வரன் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மறுநாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நீங்க வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் உங்க எடை மாதிரி மூணு மடங்கு கீழே இறங்குது. அதைத் தாங்கறது அந்த ரப்பர் ஒண்ணுதான். அது செத்துட்டா உங்க முழங்கால்தான் ரப்பர்" என்றார். "இன்னொரு தடவை இப்படி வீங்கினா ஓட்டத்தை மறந்துடுங்க. புது ஷூ கிடைக்கிறவரைக்கும் லேக் பக்கமே தலை வைக்காதீங்க."

கட்டுப்போட்ட காலோடு ஷூவை எடுத்துக்கொண்டு நந்தி பாபுவிடம் போனார். அவர் கட்டைவிரலை உள்ளேவிட்டுக் குதிகாலை ஓர் அழுத்து அழுத்தினார். அது கட்டை மாதிரி கிடந்தது.

"வெளியே பார்த்தா மாப்பிள்ளை, உள்ளே பொணம். எதுக்கு இப்படி வெள்ளை பூசறீங்க? பூசினா இது எப்ப செத்ததுன்னு உங்களுக்கே தெரியாதே."

செப்டம்பரில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டி ஊரே மிதந்தது. மெஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். அது வடிந்து, பூஜை வந்து போய், காளி பூஜையும் போயிற்று. வைத்தீஸ்வரன் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். லேக்குக்குப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று எத்தனையோ தடவை தோன்றியது. செருப்புக்காலோடு, ஓடுகிறவர் முன்னால் போய் உட்கார அவருக்கு மனசு வரவில்லை. ஷூவோடு போகிறேன், ஓடிக்கொண்டே சொல்லிவிடுகிறேன் என்று தள்ளிப்போட்டார். எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தார்: பாலத்தருகே கைகூப்பு; தண்டவாளத்தருகே வாயால் ஒரு சொல்.

ஃபாக்டரி மறுபடி திறந்து, ஜனவரியில் நந்தி பாபுவிடமிருந்து ஆள் வந்தது. பெட்டியைத் திறந்தால் பதினொன்று. புது ரப்பரின் வாசனை. பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலை நாக்கின் உள்பக்கம் தேதி எழுதி, கயிறு கட்டி, வைத்தீஸ்வரன் லேக்குக்குப் போனார். பனி மூடியிருந்தது. காலுக்கடியில் புது ரப்பர் மெத்தென்று தாங்கியது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தை நெருங்கும்போது கைகள் தாமாகவே கூப்பிக்கொள்ளத் தயாராயின.

பனிக்குள்ளிருந்து யாரும் வரவில்லை.

ரயில்பக்கம் போனார். பஜ்பஜ் லோக்கல் ஒன்று ஊதிக்கொண்டு போயிற்று. யாருமில்லை. இரண்டாவது சுற்றிலும் இல்லை. இப்போது லேக்கில் கூட்டம் திரும்பிவிட்டிருந்தது. நடப்பவர்கள், சிரிப்பவர்கள், பூப்பறிக்கும் பெண்கள். அத்தனை பேர் நடுவில் ஒரு கண்ணாடியைத் தேடினார். மறுநாளும் தேடினார். ஒரு மாதம் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபித்துக்கொண்டு வேறு மைதானத்துக்குப் போய்விட்டார் என்று ஒருநாள் தோன்றும். போகட்டுமே, கடைசி ஜோடியைத் தட்டிக்கொண்டு போனவர்தானே என்று இன்னொரு நாள் மனசு முறுக்கிக்கொள்ளும். அன்றைக்கெல்லாம் ஓட்டம் கனமாக இருக்கும்.

வெள்ளை பூசுவதை விட்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானங்களில் மண்ணை மட்டும் தட்டிவிட்டுக் கவிழ்த்து வைத்தார். கை சுத்தமாக இருந்ததால் மாமியும் ஒன்றும் சொல்லவில்லை. சுண்டுவிரல் பக்கம் துணி விட்டது அன்றன்றைக்குத் தெரிந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி காலை, கிளம்புமுன் கட்டைவிரலால் குதிகாலை அழுத்திப் பார்த்தார். முடிந்துவிட்டது. எண்பத்தெட்டு நாள். செத்த பிறகும் போட்டுக்கொண்டு ஓடிய அந்த மார்ச் ஜோடியைத் தவிர, இதுவரை அவருக்கு எந்த ஜோடியும் அவ்வளவு உழைத்ததில்லை.

கடைசியாக ஒருமுறை அதையே போட்டுக்கொண்டு ஓடினார். தொங்குபாலத்தருகே எட்டு விரலை உயர்த்தினார். அரைச் சுற்று தாண்டித் தண்டவாளத்தருகே மறுபடி எட்டு விரல். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மாள், தன்னைத்தான் கூப்பிடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள்.

சாயங்காலம் கரியாஹாட்டில் வங்காள வருஷக் கடைசிக் கழிவு விற்பனைக் கூட்டம் நடைபாதை முழுக்க வழிந்தது. ரவிக்கைத் துணி விற்கிறவர்களின் கூச்சலைத் தாண்டி நந்தி பாபுவின் கடைக்குள் புகுந்தார். நந்தி பாபு அவர் முகத்தைப் பார்த்ததும் பரணிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதோட சரி. இனிமே பதினொண்ணு வராது."

"ஏன், மறுபடி கதவடைப்பா?"

"கம்பெனி நல்லாத்தான் ஓடுது. பத்துக்கு மேலே அவன் தானா அனுப்பறதில்லை மொஷாய், எப்பவுமே அனுப்பினதில்லை. இங்கேருந்து ஆர்டர் எழுதிப் போகணும். அதுவும் ஒரு ஜோடின்னா தொடமாட்டான், ரெண்டு ஜோடியா எழுதணும். எழுதிக்கிட்டிருந்தவர் ஊரை விட்டுப் போயிட்டார்."

"யாரு அவர்?" என்றார் வைத்தீஸ்வரன்.

"குஹா பாபு. உங்களுக்கு எதிர்ப்பக்கமா ஓடுவாரே, குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு. எழுபத்தொண்ணுல வந்தார். 'ஒரு மத்ராஜி பாபு கட்டைவிரலை வெளியே விட்டுக்கிட்டு ஓடறார். தினம் நாலு தடவை நான் அந்த விரலைப் பார்க்க வேண்டியிருக்கு. என் காலைப்பொழுதே கெடுது. பதினொண்ணு வரவழை'ன்னார். ரெண்டு ஜோடியா எழுதுவார். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அவருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொல்லக்கூடாதுன்னுட்டார். 'சொன்னா நன்றி சொல்றேன்னு நடுவழியில நிறுத்துவார், அப்புறம் நான் எப்படி மறுபடி கிளம்பறது?'ன்னார்." நந்தி பாபு சிரித்தார். "ரிட்டயர் ஆகி நவம்பர்ல ஜம்ஷெட்பூர் போயிட்டார், மகன் வீட்டுக்கு. கிளம்பறதுக்கு முன்னால கடைசி ஆர்டரை எழுதிட்டு, ரெண்டும் உங்களுக்குத்தான்னார். 'ஒண்ணு முடிஞ்ச பிறகு இன்னொண்ணைக் குடு. சேர்த்துக் குடுத்தா ரெண்டுக்கும் வெள்ளை பூசிக்கிட்டு உக்காந்திருப்பார்'னு வேற."

வெளியே யாரோ மணியடித்து விலை கூவினார்கள். வைத்தீஸ்வரன் பெட்டியின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். பிறகு அதை நந்தி பாபுவின் பக்கமாகத் தள்ளினார்.

"அவர் அட்ரஸ் இருக்குமே உங்ககிட்ட? இந்த ஜோடியை அவருக்கே அனுப்பிடுங்க. அங்கே எங்கே கிடைக்கப்போறது பதினொண்ணு? போன ஜோடி எண்பத்தெட்டு நாள் உழைச்சதுன்னு ஒரு சீட்டு எழுதித் தர்றேன், அதையும் உள்ளே வெச்சுடுங்க."

நந்தி பாபு பெட்டியைத் தொடவில்லை.

"சீட்டை வேணும்னா அனுப்பறேன். ஷூவை அனுப்பி அவர் என்ன பண்ணுவார்? போன கோடையிலதான், பதினொண்ணு கிடைக்காம, என் பழைய சரக்குலேருந்து தன் அளவுல ஒரு ஜோடி எடுத்துப் போட்டுக்கிட்டார். ஏழு வருஷமா முன்பக்கம் பஞ்சை அடைச்சு அடைச்சுத்தானே ஓடினார். குஹா பாபுவோட கால் பத்தாம் நம்பர்."